மூன்றாவது அழைப்பு

சிலோயே தீவில் மழைக்கு விடுமுறை கிடையாது.
இரும்புக்கடைக்கு மேலே எங்கள் வாரப் பத்திரிகை:
நாலு மேசை, ஒரு விறகடுப்பு,
தூறலை மட்டும் தாங்கும் கூரை.
ஆள் மூன்று. சம்பளம் இரண்டரைப் பேருக்கு.

சால்மன் கம்பெனி ஒருமுறை விளம்பரத்தோடு வந்தது.
அரைப்பக்கம், ஓராண்டு வாடகைக்குச் சமம்.
எர்மிந்தா அதைப் படிக்கக்கூட இல்லை,
சுருட்டி அடுப்புப் பற்றவைத்தாள்.
எனக்குப் பெருமையாக இருந்தது.
மறுப்பதுதான் இந்தத் தொழிலில் சுலபமான வேலை என்று
அன்று தெரியாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அவர்கள் செத்த மீனைக் கடலில் கொட்டினார்கள்,
அளந்தது நாங்கள்,
படகு படகாக, ரசீது ரசீதாக.

பிறகு ரொசாவ்ரோ நாவெல்கின்.
முக்குளிப்பவன். வயது முப்பத்தொன்று.
வலைக்கூண்டின் அடியிலிருந்து
உடம்பு தாங்காத வேகத்தில் மேலே வந்தவன்.
நான் எழுதினேன்:
அன்று படகில் மேற்பார்வையாளர் இல்லை.
இரண்டு பேர் சொன்னார்கள். இருவரும் அழுதபடி சொன்னார்கள்.
மூன்றாவது ஆளைக் கேள் என்று
எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.
மணி பதினொன்று. அச்சகம் காத்திருந்தது.
கேட்கவில்லை.

ஏழு வாரம் கழித்து, வேறு எதையோ தேடும்போது
துறைமுகப் பதிவேட்டின் நகலில் ஒரு கையெழுத்து:
எவாரிஸ்தோ ஓயார்சோ, மேற்பார்வையாளர், காலை 6.40.

இருந்திருக்கிறார்.

கம்பெனி வக்கீல்கள் கவனிக்கவில்லை.
ஊர் கவனிக்கவில்லை.
அந்தப் பிழை தெரிந்த ஒரே ஆள் நான்.
கையில் ஒற்றைத் தாள்.
விறகடுப்பு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

எர்மிந்தா கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.
"எந்தப் பக்கத்தில் வந்தது?"
"முதல் பக்கம்."
"திருத்தமும் அங்கேதான்."
"வழக்கு நடக்கிறது. ஓத்திலியாவுக்கு நஷ்டஈடு…"
"தெரியும்" என்றாள்.
சூடு போன மத்தேயை
வெகுநேரம் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.
அடித்தாள்.
"தானாக நேர அது என்ன, மழையா?"
'தவறு செய்தோம்' என்று மாற்றினேன்.
ஓர் எழுத்துகூட நீளமில்லை,
எழுதத்தான் நேரமானது.

அச்சேறுமுன் சொல்லிவிட வேண்டுமென்று போனேன்.
ஓத்திலியா மட்டி உரித்துக்கொண்டிருந்தாள்.
கத்தி நிற்கவில்லை.
"என் புருஷன் செத்ததாவது சரிதானா,
இல்லை அதற்கும் திருத்தம் வருமா?"
வழியெல்லாம் பதில் தயார் செய்து போயிருந்தேன்.
ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.
அவள் கதவைச் சாத்தவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது:
மழையில் நான் வளைவு திரும்பும்வரை
திறந்தே வைத்திருந்தாள்.

ஐந்து வரி. தடித்த கட்டம். முதல் பக்கம்.
கம்பெனி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியதாகக் கேள்வி.
நாற்பது சந்தா போனது.
மீன்சந்தையில் யாரோ என் காலருகே துப்பினார்கள்.
விறகுக்காரர் மட்டும் வழக்கம்போல் வந்தார்,
முன்பணம் கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் இரவு தொலைபேசி.
அந்தப் பக்கம் ஒரு நாய் விடாமல் குரைத்தது.
"ஓயார்சோ பேசுகிறேன்.
நான் அங்கே இருந்தேன் என்று போட்டிருக்கிறீர்கள்.
இருந்தேன்.
என்ன பார்த்தாய் என்று
இதுவரை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?"

கேட்டேன்.
ஒன்றேகால் மணி நேரம், பதினாறு பக்கம்.
அவரும் அழுதார்.

பேனாவை மூடுமுன்
பக்க ஓரத்தில் குறித்துவைத்தேன்:
இன்னும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்.